பக்கத்து ஓட்டலுக்கு நம் தோட்டத்துக் காய்

காய்கறி பயிரிடும் சிறு விவசாயப் பெருமக்கள் விதை, உரம், மருந்து ஆகியவற்றைப் பற்றி விசாரிக்காத இடமில்லை. ஆனால், விளைந்த காயை எங்கே விற்பது என்ற வினாவிற்கு மட்டும் பெரும்பாலோரிடம் ஒரே விடைதான் உண்டு. அது கமிஷன் மண்டி. மண்டி நமக்குத் தேவையான ஒன்றே. ஏராளமாக விளையும் காயை ஒரே நாளில் வாங்கிக்கொள்ள அதைவிடப் பெரிய இடம் இல்லை. எனினும், நம் ஊர்ச் சாலையோரத்தில் நாள்தோறும் காய்கறி வாங்கும் ஓட்டல்களையும் சாப்பாட்டுக் கடைகளையும் நாம் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அங்கு காய் கொடுக்கும் முறைகளையும், அதில் நேரக்கூடிய தவறுகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஓர் அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களைக் களப் பயிற்சிக்காகத் திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரம் வட்டாரத்திற்கு அழைத்துச் சென்றிருந்தேன். பழனி செல்லும் சாலையில் ஒரு சிறிய ஓட்டலில் பகல் உணவு. அன்று வெண்டைக்காய்ப் பொரியல். காய் சற்று முற்றியிருந்தது. காய் எங்கிருந்து வருகிறது என்று ஓட்டல் நடத்தும் அம்மையாரிடம் கேட்டேன். "சந்தையில வாங்கி பஸ்ஸுல போட்டு வருதுங்க சார்" என்றார். ஓட்டலுக்குப் பின்புறம் கூப்பிடு தூரத்திலேயே ஒரு வெண்டைத் தோட்டம் இருந்தது. அத்தோட்டத்துக்காரர் அன்று விடியற்காலையில் பறித்த காயைச் சாக்கில் கட்டி அதே சந்தைக்கு அனுப்பியிருந்தார்.

காய் சந்தைக்குப் போக ஒரு வாடகை; திரும்பி வர ஒரு வாடகை; ஏற்றவும் இறக்கவும் கூலி; இடையில் கமிஷன்; அதற்கு மேல் வியாபாரியின் ஆதாயம். இவ்வளவு செலவும் சேர்ந்து, கூப்பிடு தூரத்திலிருந்த காய் ஒரு நாள் வாடி, முற்றி இலைக்கு வந்தது. இச்செலவை விவசாயியும் ஓட்டல்காரரும் பங்கிட்டுக்கொண்டால் இருவருக்கும் நன்மை என்று எடுத்துச் சொல்லி இருவரையும் பேச வைத்தேன். ஆனால், முதல் ஏற்பாடு மூன்று மாதம்கூட நிலைக்கவில்லை. அதற்கு இரண்டு காரணங்கள். அவற்றுள் ஒன்று என்னுடைய தவறு.

தேவை எவ்வளவு?

"ஓட்டலுக்குத்தான் வாங்குகிறார்களே, கால் ஏக்கரில் வெண்டை போடுங்கள்" என்று நான் அவருக்குக் கூறிவிட்டேன். மகசூலைப் பற்றி யோசித்த நான் இலையைப் பற்றி யோசிக்கவில்லை. கணக்கைப் பாருங்கள்.

பகலில் 100 பேர் சாப்பிடும் ஓட்டலில், ஒருவருக்கு 60 கிராம் காய் என்று கொண்டால் பொரியலுக்கு நாளொன்றுக்கு 6 கிலோ காய் வேண்டும். தினமும் வெண்டைக்காய் வைக்கமாட்டார்கள். வாரம் இருமுறை வைத்தால் 12 கிலோ. இனி விளைச்சலைப் பார்ப்போம். எக்டருக்கு 12 டன் மகசூல் என்று கொண்டால், ஓர் எக்டர் 247 சென்ட் ஆதலால், சென்டுக்குச் சுமார் 48 கிலோ. விதைத்த 45ஆம் நாள் முதல் ஏறத்தாழ 7 வாரங்கள் காய் பறிக்கலாம். ஆகவே, சென்டுக்கு வாரம் சுமார் 7 கிலோ. 12 கிலோவுக்கு 2 சென்ட் போதும். பூச்சி, நோய்ச் சேதத்திற்கு இடம் விட்டு 3 சென்ட் எனக் கொள்ளலாம்.

நான் சொன்னதோ 25 சென்ட்! வாரம் 170 கிலோ காய் வந்தது. அம்மையார் 12 கிலோ வாங்கினார். மீதிக் காய் வழக்கம்போல் மண்டிக்கே சென்றது. "சார், நீங்க சொன்ன மாதிரித்தான் போட்டேனுங்க. ஓட்டலுக்குப் போனது ஒரு கூடைதானுங்க" என்று அந்த விவசாயி சொன்னபோது எனக்குத் தலைகுனிவாகத்தான் இருந்தது.

எனவே, ஓட்டலுக்குக் காய் கொடுக்க விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டியது நிலத்தையன்று, சமையற்கட்டை. எந்தக் கிழமையில் என்ன காய், எத்தனை கிலோ, எத்தனை மணிக்கு வேண்டும் என்று சமையற்காரரிடம் கேட்டு, ஒரு வாரத்திற்குரிய பட்டியலை எழுதிக்கொள்ள வேண்டும். அதன் பிறகே விதை வாங்க வேண்டும்.

நல்ல ஓட்டலைக் கண்டறிவது எப்படி?

எல்லா ஓட்டலுக்கும் காய் கொடுக்க இயலாது, கொடுக்கவும் கூடாது. திருவிழா நாளில் கூட்டம் நிற்பதைக் கண்டு ஏமாறாமல், சாதாரண நாள்களில் இரண்டு முறை அங்கு சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். உள்ளூர்க்காரர்களும் லாரி ஓட்டுநர்களும் வழக்கமாக வந்து சாப்பிடுகிறார்களா என்று கவனிக்க வேண்டும். ஒரே சமையற்காரர் நெடுநாளாக இருக்கும் கடையில் காய்த் தேவையும் ஒரே சீராக இருக்கும். பின்கட்டில் காய் நறுக்கும் இடமும் தண்ணீர்த் தொட்டியும் சுத்தமாக இருத்தல் வேண்டும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, அந்தக் கடைக்குப் பால் ஊற்றுபவரை விசாரியுங்கள். கணக்கு வாராவாரம் தீர்க்கப்படுகிறதா, இழுத்தடிக்கப்படுகிறதா என்பது அவருக்குத் தெரியும். பாலுக்குப் பணம் பாக்கி வைக்கும் கடை காய்க்கும் பாக்கி வைக்கும்.

பயிர்த் திட்டம்

தேவை தெரிந்த பின், குறைந்த பரப்பில் பல காய்களை இடைவெளி விட்டு விதைக்க வேண்டும். வெண்டையை 3 சென்ட் வீதம் 5 வாரங்களுக்கு ஒருமுறை விதைத்தால், முதல் விதைப்பின் காய்ப்பு ஓய்வதற்கு முன்பே இரண்டாம் விதைப்பு காய்க்கத் தொடங்கிவிடும். மஞ்சள் நரம்புத் தேமல் நோயைத் தாங்கக்கூடிய இரகங்களையே தேர்ந்தெடுக்க வேண்டும். நோய் கண்ட செடிகளை உடனே பிடுங்கி அழித்தல் அவசியம்.

சிறுகீரை 25 நாள்களில் பிடுங்கத் தயாராகும். வாரம் ஒரு பாத்தி வீதம் நான்கு பாத்திகளில் சுழற்சியாக விதைத்தால் வாரந்தோறும் கீரை கிடைக்கும். நாற்று நட்ட கத்தரி 55 முதல் 60 நாள்களில் காய்ப்புக்கு வந்து, 4, 5 நாள்களுக்கு ஒருமுறை பறிக்கலாம். வரப்போரம் சில முருங்கை மரங்கள் இருத்தல் நன்று. பெரியகுளத்தில் உருவாக்கப்பட்டு 1989இல் வெளியிடப்பட்ட பிகேஎம் 1 செடிமுருங்கை விதைத்த ஆறு மாதங்களில் காய்க்கு வரும். கறிவேப்பிலையும் கொத்தமல்லித் தழையும் ஓட்டலுக்கு அன்றாடம் வேண்டியவை.

சாலையில் மக்கள் நடமாட்டம் கூடும் காலத்தையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். பழனிச் சாலையில் கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களும், தைப்பூசத்தையொட்டிப் பாதயாத்திரை அன்பர்களும் பெருந்திரளாக வருவர். இவர்கள் சைவ உணவே கொள்வதால் காய்கறியின் தேவை பன்மடங்காகும். தைப்பூசத்திற்குக் காய் வேண்டுமெனில் கார்த்திகை மாதத் தொடக்கத்திலேயே வெண்டையைக் கூடுதல் பரப்பில் விதைத்துவிட வேண்டும்.

பறிப்பும் பாதுகாப்பும்

வெண்டைக்காயை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். நுனியை ஒடித்தால் 'பட்'டென்று ஒடியும் பிஞ்சுக் காயே சமையலுக்கு உகந்தது. வெயில் ஏறுமுன் பறித்து, நிழலில் பரப்பி, முற்றியவற்றையும் சொத்தையையும் நீக்கி, கூடையிலோ பிளாஸ்டிக் பெட்டியிலோ கொண்டு செல்ல வேண்டும். சாக்கில் அமுக்கிக் கட்டினால் காய் கன்றிவிடும்.

முந்தின நாள் மாலை பறிக்க நேர்ந்தால், மின்சாரம் வேண்டாத குளிர் அறை கைகொடுக்கும். இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் வகுத்த அமைப்பு இது. 165 செ.மீ. நீளம், 115 செ.மீ. அகலத்திற்குச் செங்கல் தளம் இட்டு, அதன்மேல் 67.5 செ.மீ. உயரத்திற்கு இரட்டைச் சுவர் எழுப்ப வேண்டும். இரு சுவர்களுக்கும் இடையே 7.5 செ.மீ. இடைவெளி விட்டு, அதில் ஆற்று மணலை நிரப்பி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து ஈரமாக வைக்க வேண்டும். மூங்கில், சாக்கு, வைக்கோலால் ஆன மூடி போதும். மேலே நிழல் கூரை அவசியம். கோடையில் வெளி வெப்பத்தைவிட உள்ளே 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் வரை குறைவாக இருக்கும்.

மருந்து தெளித்த காயை, அம்மருந்தின் சீட்டில் குறித்துள்ள காத்திருப்புக் காலம் முடியுமுன் பறித்துக் கொடுத்தல் பெருந்தவறு. நாம் கொடுக்கும் காயை அன்று பகலிலேயே நம் ஊரார் உண்கின்றனர் என்பதை மறக்கலாகாது. காய்ப்புக் காலத்தில் 5 சத வேப்பங்கொட்டைக் கரைசலை மாலை வேளையில் தெளிக்கலாம். 10 லிட்டர் கரைசலுக்கு அரைக் கிலோ வேப்பம் பருப்பை இடித்து, இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விலையும் வாக்கும்

ஏற்பாடு முறிந்ததற்கு இரண்டாவது காரணம் விலை. ஆவணி மாத முகூர்த்த நாள்களில் சந்தையில் வெண்டை விலை திடீரென ஏறியது. நம் விவசாயி ஓட்டலுக்குச் சொல்லாமலே இரண்டு நாள்கள் முழுக் காயையும் சந்தைக்கு அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் கூடையுடன் சென்றபோது அம்மையார் வாங்க மறுத்துவிட்டார். பின்னர் என்னிடம் அவர் கூறியது இதுதான்: "விலை கூடக் கேட்டிருந்தா குடுத்திருப்பேனுங்க. அடுப்பப் பத்த வெச்ச பொறகு காய் வரலைன்னா நான் இலையில என்னத்த வெக்கறது?"

இரண்டு நாள் கூடுதல் விலைக்காக ஆண்டு முழுவதும் வாங்கக்கூடிய ஓர் இடம் கைநழுவியது. ஓட்டலுக்கு விற்பதில் நாம் தருவது காய் மட்டுமன்று. குறித்த நேரத்தில் காய் வரும் என்ற உறுதியையும் தருகிறோம்.

இவ்வருத்தம் நேராதிருக்க, விலையைப் பொதுவான ஓர் அளவுகோலைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும். அதற்கு உழவர் சந்தை விலைப்பலகை ஏற்றது. பஞ்சாபில் 1987இல் 'அப்னி மண்டி' என்ற பெயரிலும், ஆந்திரத்தில் 1999 ஜனவரியில் 'ரைத்து பஜார்' என்ற பெயரிலும் தொடங்கிய நேரடி விற்பனை முறை, தமிழ்நாட்டில் 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தையாக மலர்ந்தது. மொத்த விலையைவிடச் சுமார் 20 சதம் கூடுதலாகவும், சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதம் குறைவாகவும் இருக்கும்படி அங்கு விலை குறிக்கப்படுகிறது. அருகிலுள்ள உழவர் சந்தையின் ஒரு வாரச் சராசரி விலையே அடுத்த வாரம் முழுவதற்கும் ஓட்டல் விலை என்று பேசிக்கொண்டால், ஏற்றத்திலும் இறக்கத்திலும் இருவருக்கும் மனக்குறை இராது. மிஞ்சும் காயையும் அடையாள அட்டை பெற்று உழவர் சந்தையிலேயே கமிஷன் இன்றி விற்கலாம்.

சிறு குறிப்பேடு ஒன்றில் தேதி, காய், எடை ஆகியவற்றை எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, வாரத்தில் ஒரு குறித்த நாளில் கணக்கைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். காய் குறையும் என்று தெரிந்தால் முதல் நாள் மாலையே சொல்லிவிட வேண்டும். அதுவும் முடியாவிடில் பக்கத்துத் தோட்டத்தில் வாங்கியாவது கொடுத்துவிட வேண்டும். இதற்காகவே மூன்று, நான்கு விவசாயிகள் சேர்ந்து கொடுப்பது சிறந்தது.

நம் ஊர்ப் பெயருக்கும் மதிப்புண்டு

வெளியூர்ப் பயணிகள் நல்ல சாப்பாட்டையும், அந்தந்த ஊரில் விளைந்த பொருளையும் தேடுகின்றனர். 'இன்றைய காய் நம் ஊர்த் தோட்டத்துக் காய்' என்று ஓட்டல் வாசலில் ஒரு பலகை எழுதி வைத்தால் கடைக்கும் பெயர், நமக்கும் பெயர். இப்பகுதியின் விருப்பாட்சி மலைவாழை புவிசார் குறியீடு பெற்றது. அதனைச் சீப்பாக ஓட்டல் முகப்பில் தொங்கவிட்டு விற்கலாம். ஆனால், வேறு பழத்தை அப்பெயரில் விற்கக் கூடாது.

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம், விவசாயி தம் நிலத்தில் விளைவித்த காய்க்குப் பொருந்தாது. எனினும், ஊறுகாய், வடகம், பொடி என்று பக்குவம் செய்து விற்க விரும்புவோர் அச்சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும்.

முடிவுரை

அந்த விவசாயி இரண்டு மாதங்களுக்குப் பின் அம்மையாரிடம் நேரில் சென்று வருத்தம் தெரிவித்து, மறுபடியும் ஒரு கூடையில் தொடங்கினார். இம்முறை வெண்டை 3 சென்டில்தான். மீதி நிலத்தில் கீரை, கத்தரி, கொத்தமல்லி. இன்று அவரும் அவர் பங்காளிகள் இருவரும் சேர்ந்து அச்சாலையில் இரண்டு ஓட்டல்களுக்குக் காய் கொடுக்கின்றனர். மண்டிக்கும் அனுப்புகின்றனர். ஆனால், முதல் கூடை ஓட்டலுக்கு. அதன் பிறகே மண்டிக்கு.

ஆகவே, விவசாயப் பெருமக்கள் தத்தம் ஊரருகே உள்ள நல்ல ஓட்டல்களைக் கண்டறிந்து, சமையற்கட்டின் தேவையை அறிந்து, அதற்கேற்பச் சிறிய பரப்பில் இடைவெளி விட்டுப் பயிரிட்டு, சொன்ன நாளில் சொன்ன அளவு காய் கொடுத்து வருவார்களேயானால், வாரந்தோறும் தவறாத ஒரு வருவாயைப் பெறுவர் என்பதில் ஐயமில்லை.