பிஎஸ்-எம்டி சீட்டா, வழக்கமான ப்ரீ-மெட் வழியா? அமெரிக்காவுல பிள்ளை வளர்க்கிற தங்கச்சிக்கு அக்காவின் டிப்ஸ்

உன் பொண்ணு 11-ம் வகுப்புக்கு வந்துட்டா. வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தா பிஎஸ்-எம்டி பேச்சுதான். ஸ்கூல் முடிக்கும்போதே காலேஜ் சீட்டும் மெடிக்கல் சீட்டும் சேர்ந்து கிடைக்கும்னதும் லிஸ்ட் போட உட்கார்ந்துட்டே, இல்லையா? கொஞ்சம் நில்லு. பிளஸ் டூ முடிச்சதும் நேரா எம்பிபிஎஸ் சேர்றதைப் பார்த்து வளர்ந்தவங்க நாம. நமக்கு இதுதான் சரியான வழின்னு தோணும். இங்க வழக்கம் வேற. 4 வருஷ டிகிரி (இதைத்தான் ப்ரீ-மெட்னு சொல்றது), மெடிக்கல் நுழைவுத் தேர்வான எம்கேட் பரீட்சை, அப்புறம் 4 வருஷ மெடிக்கல் ஸ்கூல். எம்டி படிப்புக்கு வருஷத்துக்கு 50,000 பேருக்கு மேல விண்ணப்பிக்கிறாங்க, சுமார் 23,000 பேர் சேர்றாங்க. அதனால முன்கூட்டியே ஒரு சீட்டு வேணும்னு ஆசைப்படுறது தப்பில்ல. நிபந்தனையைப் படிக்காம ஆசைப்படாதேன்னுதான் சொல்றேன்.

1. முதல்ல விசாவைப் பாரு. நிறைய பேர் இதைக் கடைசியில பார்த்துட்டு அழறாங்க. பல பிஎஸ்-எம்டி கூட்டுப் படிப்புகள்ல சிட்டிசனும் கிரீன் கார்டு இருக்கறவங்களும்தான் விண்ணப்பிக்க முடியும். பிள்ளை எச்-4 விசாவுல இருந்தா 21 வயசோட அது முடிஞ்சிடும், அதுக்குள்ள எஃப்-1 மாதிரி வேற விசாவுக்கு மாறியாகணும். 21 வயசுங்கறது சரியா டிகிரி படிக்கிற காலம். ஃபெடரல் கல்விக் கடனும் கிடைக்காது. உங்க கிரீன் கார்டு வரிசை நகரலைன்னா, எச்-4 பிள்ளையை எடுப்பாங்களான்னு ஒவ்வொரு காலேஜுக்கும் மெயில் போட்டுக் கேட்டுட்டு அப்புறம் லிஸ்ட்டைத் தொடு.

2. "சீக்கிரம் முடிஞ்சிடும்"னு மயங்காதே. மிசௌரி பல்கலைக்கழகத்தோட கேன்சஸ் சிட்டி வளாகத்துல 6 வருஷப் படிப்பு, 1971-ல இருந்து நடக்குது. நியூயார்க்ல கியூனி மெடிக்கல் ஸ்கூல்ல 7 வருஷம். பிரவுன் பல்கலைக்கழகத்தோட பிஎல்எம்இங்கற கூட்டுப் படிப்பு 8 வருஷம், அதுல நேரமே மிச்சமில்ல. ஆனா எம்கேட் எழுத வேண்டாம், இஷ்டப்பட்ட பாடத்துல டிகிரி வாங்கலாம். சரித்திரம் படிச்சிட்டும் டாக்டராகலாம். 6 வருஷப் படிப்புல டிகிரியும் மெடிக்கலும் பின்னிப் பிணைஞ்சு வரும், கோடை விடுமுறையும் பெருசா இருக்காது. நடுவுல மனசு மாறினா வெளியே வர்றது கஷ்டம். 17 வயசுல எடுக்கற முடிவு இது. உன் பொண்ணு ஆஸ்பத்திரிக்குள்ள கால் வச்சுப் பார்த்திருக்காளா? ஒரு முதியோர் இல்லத்துல வாலன்டியரா வேலை பார்த்திருக்காளா? இல்லைன்னா இந்தக் கோடையில அதைச் செய்யச் சொல்லு. எஸ்ஏடி கோச்சிங்கைவிட இது முக்கியம்.

3. ஒவ்வொரு காலேஜ் பேருக்கு நேரேயும் மூணு கேள்விக்குப் பதில் எழுது.
• ஜிபிஏ எவ்வளவுக்குக் கீழே போகக் கூடாது?
• எம்கேட் உண்டா? உண்டுன்னா குறைந்தபட்சம் எத்தனை?
• வேற மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பிச்சா இந்த சீட்டு போயிடுமா?
"உறுதியான சீட்டு"ன்னு சொல்றதுல பாதிக்கு மேல இந்த மூணுலதான் அடங்கியிருக்கு. கெமிஸ்ட்ரியில ஒரு செமஸ்டர் சறுக்கினா சீட்டே ஆட்டம் காணுற படிப்பும் உண்டு, ஒரு எச்சரிக்கையோட விடுற இடமும் உண்டு.

4. எம்டியை மறைச்சிட்டு காலேஜைப் பாரு. மெடிக்கல் சீட்டு ஒட்டாம இருந்தாலும் அந்தக் காலேஜுக்கு அவளை சந்தோஷமா அனுப்புவியா? இல்லைன்னா லிஸ்ட்ல இருந்து அடி. அவ முதல்ல 3, 4 வருஷம் இருக்கப் போறது அங்கதான். டாக்டர் ஆசை போயிட்டா கையில மிஞ்சறதும் அந்த டிகிரிதான்.

5. பணத்தை வாய்விட்டுப் பேசுங்க. தனியார் மெடிக்கல் ஸ்கூல்னா 4 வருஷத்துக்கு 3 லட்சம் டாலரைத் தாண்டுறது சாதாரணம். 2026 ஜூலை 1 முதல் புதுசா கடன் வாங்கறவங்களுக்கு கிராட் பிளஸ்ங்கற ஃபெடரல் கடன் கிடையாது. மருத்துவம் மாதிரிப் படிப்புக்கு ஃபெடரல் கடன் வருஷத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர், அவ்வளவுதான். மிச்சத்துக்கு வீட்டுப் பணம், இல்லைன்னா தனியார் கடன். அதனால டிகிரிக்கே சேமிப்பையெல்லாம் கொட்டிடாதே. உங்க மாநிலப் பல்கலைக்கழகத்துல ஸ்காலர்ஷிப்போட படிச்சு, மிச்சப் பணத்தை மெடிக்கலுக்கு வைக்கிறது பல வீடுகளுக்கு இன்னும் நல்ல கணக்கு.

6. விண்ணப்பத்துல நேரம் மிச்சம் பிடிக்க: பிஎஸ்-எம்டி 5, 6 போதும், மீதி எல்லாம் சாதாரண ப்ரீ-மெட் காலேஜா இருக்கட்டும். கூட்டுப் படிப்புகள்ல எடுக்கறதே கொஞ்சம் பேரைத்தான், எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளைக்கும் கிடைக்காம போகலாம். பலதுக்கு நவம்பர்லயே கடைசித் தேதி, கட்டுரைகளும் தனி. ஆகஸ்ட்லயே எழுத ஆரம்பிக்கச் சொல்லு. நீ எழுதிக் கொடுக்காதே தாயே! இன்டர்வியூல ரெண்டாவது கேள்வியிலேயே தெரிஞ்சிடும்.

7. கிடைக்கலைன்னா வீட்டுல துக்கம் கொண்டாடாதே. வழக்கமான வழியில போறவங்க ஒண்ணு ரெண்டு வருஷம் கேப் எடுத்து, 24 வயசு வாக்குல மெடிக்கல் சேர்றது இங்க சகஜம். டிஓங்கற ஆஸ்டியோபதி மருத்துவப் படிப்பையும் தள்ளி வைக்காதே. அவங்களும் முழு டாக்டர்தான், 2020-ல இருந்து எம்டி, டிஓ ரெண்டுக்கும் ரெசிடென்சி (டிகிரிக்கு அப்புறம் ஆஸ்பத்திரியில எடுக்கற பயிற்சி) ஒரே அமைப்புக்குக் கீழே வந்தாச்சு. எந்த வழியில போனாலும் அதுக்கு மேல 3 வருஷத்துல இருந்து 7 வருஷம் வரைக்கும் ரெசிடென்சி இருக்கு. இந்தப் பக்கம் ஒரு வருஷம் மிச்சம் பிடிக்கப் பொண்ணை விரட்டாதே.

8. பழைய லிஸ்ட்டை நம்பாதே. நார்த்வெஸ்டர்ன் மாதிரிப் பெரிய இடமே தன்னோட கூட்டுப் படிப்புக்கு ஆள் எடுக்கறதை நிறுத்தியாச்சு. பக்கத்து வீட்டு அண்ணன் 2015-ல சேர்ந்த கதை உனக்கு உதவாது. இந்த வருஷ விதியைக் காலேஜோட இணையதளத்துல பாரு, புரியலைன்னா அட்மிஷன் ஆபீஸுக்கு மெயில் போடு. போன்ல கேட்டதை மட்டும் வச்சு முடிவு பண்ணாதே, எழுத்துல வந்த பதிலைப் பத்திரப்படுத்தி வை.