கணினி விசிறி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மேசைக் கணினியின் பிராசசருக்குள் செல்லும் மின்சாரம் அனைத்தும் முடிவில் உஷ்ணமாகவே வெளிப்படுகிறது. அந்த உஷ்ணத்தை ஹீட் சிங்க் என்னும் உலோகத் தகடுகள் ஏற்றுக்கொள்ள, தகடுகளிலிருந்து காற்று அதை வாங்கிப் பெட்டிக்கு வெளியே சேர்க்கிறது. காற்றை இந்தக் காரியத்தில் இடைவிடாமல் ஈடுபடுத்துபவை 12 வோல்ட்டில் ஓடும் சில பிளாஸ்டிக் விசிறிகள். பழைய ஹார்டு டிஸ்க்கை நீக்கிவிட்டால், கணினிக்குள் அசைகிற உறுப்பு இவற்றைத் தவிர வேறு அநேகமாக இல்லை. அசைகிற பொருளே முதலில் தேய்கிறது என்பது யந்திரங்களின் இயல்பாதலால், சில வருஷம் உழைத்த கணினியில் முதலில் தளர்வது விசிறியாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. வருத்தம் தருவது வேறொன்று. சில நூறு ரூபாயில் மாற்றிவிடக்கூடிய இந்த உறுப்பின் பழுதை அறியாமல், புதிய ரேம் வாங்கிப் பொருத்தியும், விண்டோஸை அழித்து மறுபடி நிறுவியும், கடைசியில் கணினியையே பழைய சாமானுக்குப் போட்டும் பணத்தை இழக்கிற குடும்பங்களும் சிறு கடைக்காரர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை இந்த நஷ்டத்துக்கு உள்ளாக்குவன விசிறியைப் பற்றிக் காதோடு காதாக வந்து நிலைத்துவிட்ட சில நம்பிக்கைகள். கண்ணையும் காதையும் மட்டும் சாட்சியாக வைத்துக்கொண்டு தீர்மானிக்காமல், சுழலும் வேகத்தையும் உஷ்ணத்தையும் அளந்து பார்த்த பிறகே விசிறியைக் குற்றஞ்சாட்டவோ விடுவிக்கவோ வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

‘விசிறி சுற்றுகிறது, ஆகவே அதில் பழுதில்லை’ என்பது முதலாவது நம்பிக்கை. நிமிஷத்துக்கு 2000 சுற்றுச் சுற்றவேண்டிய விசிறி 900 சுற்றோடு தடுமாறிக்கொண்டிருந்தாலும், எட்டிப் பார்க்கிறவருடைய கண்ணுக்கு இரண்டும் ஒரே மங்கலான வட்டமாகத்தான் தெரியும். விசிறி தள்ளும் காற்றின் அளவு வேகத்துக்கு நேர்விகிதத்தில் குறைகிறது; அந்தக் காற்றைத் தகடுகளின் இடுக்கில் செலுத்தும் அழுத்தமோ வேகத்தின் வர்க்கத்தை ஒட்டிக் குறைகிறது. வேகம் பாதியானால் காற்றும் பாதியாகிறது, அழுத்தம் மட்டும் நாலில் ஒரு பங்காகிவிடுகிறது. அந்தப் பலவீனமான காற்று தூசி படிந்த தகடுகளுக்குள் புக மாட்டாமல் பக்கவாட்டில் சிதறிப் போய்விடும்.

வேகத்தை அறிவதற்குத் தனிக் கருவி ஒன்றும் வேண்டியதில்லை. விசிறியிலிருந்து வரும் மூன்றாவது கம்பி, ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு துடிப்புகளை மதர்போர்டுக்கு அனுப்புகிறது. அதை எண்ணிக் கணக்கிட்ட ஆர்.பி.எம். அளவு, கணினியை இயக்கியவுடன் பயாஸ் என்னும் மதர்போர்டின் அமைப்புத் திரைக்குள் நுழைந்து பார்த்தால், பிராசசரின் உஷ்ணத்துக்குப் பக்கத்திலேயே காணப்படும். பூஜ்யம் என்று காட்டினால் விசிறி செத்துவிட்டதாகவும் எண்ணிவிடக் கூடாது. அந்த மூன்றாவது கம்பி மட்டும் அறுந்திருக்கலாம். இரண்டே கம்பி உள்ள விசிறியாக இருந்தால் துடிப்பு அனுப்பும் வழியே அதற்குக் கிடையாது. கணினி தொடங்கும்போதே ‘சிபியு ஃபேன் எரர்’ என்று நின்றுவிடுகிற சில சந்தர்ப்பங்களில், சுத்தம் செய்தவர் பிராசசர் விசிறியின் கனெக்டரைப் பக்கத்திலிருக்கும் பெட்டி விசிறியின் இடத்தில் மாற்றிச் செருகியதைத் தவிர வேறு கோளாறே இருப்பதில்லை.

வேகம் சரியாக இருந்தும் உஷ்ணம் தணியவில்லை என்றால், விசிறியைக் கழற்றி அதற்கும் தகடுகளுக்கும் நடுவே பார்க்க வேண்டும். மேலிருந்து பார்க்கிறவருக்கு இறக்கைகள் சுத்தமாகவே தோன்றும். அடியில், தகடுகளின் வாயில், தூசி கம்பளிபோல் திரண்டு அடைத்துக்கொண்டிருக்கும். நான் கண்டவரையில், விசிறியின்மேல் சுமத்தப்படும் குற்றங்களில் கணிசமானவை இந்தத் தூசிக்கு உரியவை. உஷ்ணத்தை எடைபோடும்போது அறையின் வெப்பத்தையும் கூடவே குறித்துக்கொள்ள வேண்டும். எந்த விசிறியும் தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடக் கீழான நிலைக்கு எதையும் குளிர்விக்க இயலாது. மார்கழியில் 25 டிகிரி அறையில் 60 காட்டிய பிராசசர், சித்திரையில் 37 டிகிரி அறையில் அதே வேலைக்கு 72 காட்டுவது நியாயமே. அறைக்கும் பிராசசருக்கும் உள்ள வித்தியாசம் 35 டிகிரியிலிருந்து 50, 55 என்று வளர்ந்திருந்தால்தான் விசாரணை அவசியமாகிறது.

சப்தத்தைப் பற்றிய நம்பிக்கை அந்த முதல் நம்பிக்கைக்கு நேர்மாறானது: ‘சத்தம் போட்டால் விசிறி போய்விட்டது, சத்தமில்லாவிட்டால் நன்றாயிருக்கிறது’. சப்தத்தில் பல ஜாதிகள் உண்டு என்பதையும், ஒவ்வொன்றும் வேறு வேறு செய்தியைச் சொல்கிறது என்பதையும் இந்த நம்பிக்கை மறந்துவிடுகிறது. சீரான இடைவெளியில் டக்டக்கென்று கேட்பது பெரும்பாலும் தளர்ந்து தொங்கும் கம்பியொன்றில் இறக்கை உரசுவதால். கம்பியை ஒதுக்கிக் கட்டினால் தீர்ந்துவிடும். காலையில் இயக்கியதும் கரகரவென்று கேட்டு, சில நிமிஷங்களில் தானாக அடங்கும் சப்தம், அச்சைத் தாங்கும் ஸ்லீவ் பேரிங்கில் எண்ணெய் வற்றிவருவதற்கு அடையாளம். அது முடிவின் தொடக்கம், ஆனால் அன்றைக்கே ஆபத்தில்லை. இடைவிடாத அரைபடும் ஒலி பால் பேரிங் தேய்ந்ததைக் காட்டும். தூரத்தில் கேட்கும் பலத்த காற்றோசையோ விசிறியின் ஆரோக்கியத்தையே குறிக்கலாம்: உஷ்ணம் ஏறிவிட்டதால் மதர்போர்டு அதை முழுவேகத்தில் ஓட்டுகிறது, காரணம் வேறெங்கோ இருக்கிறது. எல்லாவற்றிலும் அபாயமானது மௌனம். அச்சு இறுகிப்போன விசிறி எந்தச் சப்தமும் போடாது. சில நொடிக்கொரு முறை இறக்கை லேசாக அதிர்ந்து அடங்குமானால், மின்சாரம் வந்தும் அதனால் கிளம்ப முடியவில்லை என்று அறியலாம். எந்த விசிறி சப்தமிடுகிறது என்று கண்டுபிடிக்க, கணினியை அணைத்து, பெட்டி விசிறிகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு இயக்கிக் கேட்பது போதும். பிராசசர் விசிறியை இந்தச் சோதனைக்கு உட்படுத்தக் கூடாது. இங்கே ஒரு விதிவிலக்கும் சொல்ல வேண்டும்: கிராபிக்ஸ் கார்டுகளில் பல, வேலை குறைவாக உள்ளபோது தம் விசிறிகளைத் தாமே நிறுத்திக்கொள்ளும்படி அமைக்கப்பட்டவை, அவை நிற்பதைக் கண்டு பதறவேண்டியதில்லை.

‘ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.’ இந்த யோசனையில் பாதி உண்மை இருப்பதால்தான் இது இத்தனை காலம் உயிரோடிருக்கிறது. ஸ்லீவ் பேரிங் என்பது எண்ணெய் ஊறிய நுண்துளை வெண்கலத்தால் ஆனது. விசிறியின் பின்புறம் ஒட்டியுள்ள தாளைப் பிரித்து, அடியில் ரப்பர் மூடி இருந்தால் அதை எடுத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விட்டால் சில வாரமோ சில மாதமோ அது ஓடும். அதைச் சிகிச்சை என்று கருதாமல் புது விசிறி வந்து சேரும் வரைக்கும் வாங்கிய அவகாசம் என்று கருதுவதே பொருந்தும். தேய்ந்து அகன்ற துளையை எண்ணெய் சுருக்கித் தராது. பால் பேரிங்குக்கு அந்த அளவு பயனும் இல்லை. தேங்காய் எண்ணெயை விடுகிற பழக்கத்தை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன்: சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், நாள்பட்டால் தூசியோடு கலந்து பிசினாகி அச்சையே இறுக்கிவிடும். துருப்பிடித்த திருகைக் கழற்ற உதவும் ஸ்பிரே திரவங்களும் ஆகாதவை. அவற்றில் பெரும்பகுதி ஆவியாகும் கரைப்பான். மீதமிருந்த நல்ல எண்ணெயையும் அது கழுவிக்கொண்டு போய்விடும்.

‘விசிறி நின்றால் பிராசசர் அந்தக் கணமே எரிந்துபோகும்’ என்ற அச்சத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 2001-ஆம் ஆண்டில் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற இணையப் பத்திரிகை, ஓடிக்கொண்டிருக்கும் பிராசசர்களின் ஹீட் சிங்கையே அகற்றிப் படம்பிடித்துக் காட்டியது. ஏஎம்டியின் ஆத்லான் சில நொடிகளில் புகைந்து அழிந்தது, இன்டெலின் பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு உயிர் பிழைத்தது. அந்தக் காட்சி ஏற்படுத்திய பீதி இன்றும் மறையவில்லை. ஆனால் பென்டியம் 4 அன்று செய்ததை இன்று எல்லாப் பிராசசர்களும் செய்கின்றன. பெரும்பாலான இன்டெல் பிராசசர்கள் 100 டிகிரியை நெருங்கும்போது தம் வேகத்தைத் தாமே தாழ்த்திக்கொள்கின்றன. அதற்கும் அடங்காவிட்டால் கணினி அணைந்துவிடுகிறது.

நன்மையான இந்த ஏற்பாடே புதியதொரு மயக்கத்துக்கும் இடமளித்துவிட்டது. பிராசசர் எரிந்தால் எல்லோருக்கும் தெரியும். மெதுவானால் அதை விசிறியோடு சம்பந்தப்படுத்திப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. இயக்கிய பத்து நிமிஷம் வரை கணினி சுறுசுறுப்பாயிருந்து, பிறகு சோர்ந்து, சிறிது நேரம் அணைத்துவைத்தால் மீண்டும் தேறுமானால், வைரஸையோ ரேமையோ சந்தேகிப்பதற்கு முன் உஷ்ணத்தைப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். போட்டோ வேலையும் டிடிபியும் செய்து பிழைக்கிறவர்கள், கணினிக்கு வயதாகிவிட்டது என்று நம்பிக் கடன் வாங்கிப் புதியது வாங்குவதைக் காணும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. கவனிக்காமல் விட்டதன் தீங்கும் மெதுவாகவே வருகிறது: மதர்போர்டில் மின்னேற்றம் காக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களின் ஆயுள், உஷ்ணம் 10 டிகிரி கூடுந்தோறும் ஏறக்குறையப் பாதியாகிறது என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் பொதுக் கணக்கு.

பெட்டியின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவிட்டு மேசை விசிறியைத் திருப்பி வைக்கிற வழக்கம் நம் வெயில் நாட்டில் மிகுதி. உஷ்ணம் உடனே குறைவது மெய்தான். அதை வைத்தியமாகக் கொள்ளாமல் சோதனையாகக் கொண்டால் நல்லது. கதவைத் திறந்ததும் பத்து டிகிரி இறங்கிற்றென்றால், மூடிய பெட்டிக்குள் காற்றோட்டம் போதவில்லை, பெட்டி விசிறிகளில் ஒன்று நின்றிருக்கிறது அல்லது முன்புற வலை அடைத்திருக்கிறது என்று நிர்ணயிக்கலாம். அப்படியே திறந்து வைத்திருந்தால் தூசி இரட்டிப்பாகச் சேர்ந்து, சில மாதத்தில் பழைய நிலையே திரும்பும். தூசியைப் புளோயரால் ஊதும்போது இறக்கையை விரலாலோ பென்சிலாலோ பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டற்றுச் சுழலவிட்டால் அது தனக்கு விதித்த வேகத்தை வெகுவாகக் கடந்து, நல்ல பேரிங்கும் கெட்டுவிடும்.

‘விசிறிகள் எல்லாம் ஒன்றுதான்’ என்று எண்ணிக் கடைக்குப் போகிறவர் இரண்டாம் முறையும் போக நேரிடும். திருகு துளைகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அளந்துகொண்டு, 105 மில்லிமீட்டர் விசிறி வேண்டுமென்று சென்னை ரிச்சி தெருவில் எத்தனை கடை ஏறி இறங்கினாலும் கிடைக்காது. ஏனெனில் அது 120 மில்லிமீட்டர் விசிறியின் துளை இடைவெளி. அளவென்பது சட்டத்தின் முழு அகலம். 80 மில்லிமீட்டர் விசிறிக்குத் துளை இடைவெளி 71.5, 92-க்கு 82.5, 140-க்கு 124.5. கனமும் பார்க்க வேண்டும். வழக்கமானது 25 மில்லிமீட்டர். மூன்று பின் விசிறியை நாலு பின் இடத்திலும், நாலு பின்னை மூன்றிலும் செருகலாம், கெடுதல் இல்லை. மூன்று பின் விசிறி முழுவேகத்திலேயே ஓடிக்கொண்டிருந்தால் பயாஸில் அந்த இணைப்பை டிசி முறைக்கு மாற்றிவிட்டால் சரியாகும். பழைய விசிறி எந்தத் திசையில் காற்றைத் தள்ளியது என்று கழற்றுமுன் குறித்துக்கொள்ள வேண்டும்: சட்டத்தில் அம்புக்குறி இருக்கும், இல்லாவிட்டால் மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் உள்ள பக்கமே காற்று வெளியேறும் பக்கம். பிராசசர் விசிறி பழுதானால் ஹீட் சிங்கைப் பிடுங்கவேண்டும் என்பதும் தேவையற்ற நம்பிக்கை. பலவற்றில் விசிறி மட்டும் தனியே கழன்று வரும். ஹீட் சிங்கை எடுத்தே ஆகவேண்டுமென்றால் பழைய தெர்மல் பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும்.

இனி எஞ்சியிருப்பது, கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள்ளிருக்கும் விசிறி. ‘பிளக்கைப் பிடுங்கிவிட்டால் அதையும் திறக்கலாம்’ என்று சொல்கிறவர்கள் பிறருடைய உயிரோடு விளையாடுகிறார்கள். நம் 230 வோல்ட் மின்சாரம் அங்கே 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்சாரமாகக் கெபாசிட்டரில் சேமிக்கப்படுகிறது; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கே தங்கியிருக்கக் கூடும். அந்த விசிறியின் வேகத்தைப் பெரும்பாலான மதர்போர்டுகள் காட்டுவதில்லை. ஆகவே கணினி கடுமையாக வேலை செய்யும் வேளையில், காற்று வெளியேறும் பின்புற வலைக்கு எதிரே மெல்லிய காகித நறுக்கொன்றைப் பிடித்துப் பார்க்க வேண்டும். காகிதம் அசையாமல், பெட்டியும் தொடமுடியாதபடி சுட்டால், உள்ளே திருப்புளியைக் கொண்டுபோகாமல், வாட் அளவும் கனெக்டர்களும் பழையதற்குக் குறையாத வேறொரு எஸ்.எம்.பி.எஸ்ஸை முழுதாக மாற்றிவிட வேண்டும்.