வானியல் ஆய்விதழ்களும் சந்திரசேகரின் கட்டுரையும்

அறிஞர் ஒருவர் கண்டதும் கணித்ததும் உலகிற்கு உரியதாவது, அது ஆய்விதழில் அச்சேறிய பின்னரே எனலாம். வானியலில் இம்மரபு பழமையானது. இலண்டன் அரச வானியல் கழகம் 1827இல் தொடங்கிய 'மாத அறிக்கைகள்' என்னும் இதழும், அமெரிக்காவில் ஹேல், கீலர் ஆகிய இருவரும் 1895இல் நிறுவிய 'அஸ்ட்ரோபிசிகல் ஜர்னல்' என்னும் இதழும் இன்றளவும் வெளிவருகின்றன. முன்னது மாத இதழாக இருந்த காலம் போய்விட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இவற்றின் பணியை விளங்கிக்கொள்ள ஒரு கட்டுரையின் வரலாற்றைக் காண்போம். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930இல் கேம்பிரிட்ஜ் சென்றவர் சந்திரசேகர். வெண்குறுமீன் எனப்படும் முதிர்ந்த விண்மீனின் நிறைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என அவர் தம் இருபதாம் வயதில் எழுதிய கட்டுரை, 1931இல் அஸ்ட்ரோபிசிகல் ஜர்னலில் வந்தது. அளவோ இரண்டே பக்கங்கள். அக்கருத்தை விரிவாக்கி 1935 சனவரியில் அரச வானியல் கழகக் கூட்டத்தில் அவர் உரைத்தபோது, பெரும்புகழ் பெற்ற எடிங்டன் அதனை எள்ளி நகையாடினார். அவையினரும் நகைத்தனர். எனினும், எவரும் எடுத்துச் சரிபார்க்கும் வண்ணம் அக்கணக்கு நூலகங்களில் இருந்தது. அதில் கண்ட வரம்பு சூரிய நிறையில் 0.91 மடங்கு, இன்று கொள்ளப்படுவது ஏறத்தாழ 1.4 மடங்கு. விண்மீனின் பொருளமைப்பைப் பற்றிய கருத்துத் திருந்தியதால் எண் மாறிற்று. வரம்பு உண்டு என்னும் முடிபு மாறவில்லை. 1983இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

அதே இதழுக்கு அவரே 1952 முதல் 1971 வரை ஆசிரியராக விளங்கினார். வரும் கட்டுரையைத் துறை வல்லுநரிடம் அனுப்பி மதிப்பீடு பெற்று, ஏற்பதும் திருத்தக் கோருவதும் மறுப்பதும் ஆசிரியர் பொறுப்பு. புகழுக்குப் பணியாமல் கணக்கை நோக்குவது எத்துணை அரிது என்பதை அவரினும் நன்கு அறிந்தவர் யார்?

நெடுங்காலம் இவ்விதழ்களின் சந்தா சிறு கல்லூரிகளுக்கு எட்டாததாகவே இருந்தது. அமெரிக்க வானியல் கழகத்தின் இதழ்கள் 2022 முதலும், 'மாத அறிக்கைகள்' 2024 முதலும் எவரும் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கின்றன. ஆனால் செலவு எழுதுவோர் பக்கம் மாறியுள்ளது. சலுகைகள் உண்டெனினும், நிதியற்ற நிறுவனத்தின் இளம் ஆய்வாளருக்கு இது புதுத் தடையாகிவிடக் கூடாது என்பதே நம் கவலை.

நாசாவின் வானியற்பியல் தரவுத் தொகுப்பில் 1931ஆம் ஆண்டின் அவ்விரு பக்கங்களும் அச்சான வடிவிலேயே இலவசமாக உள்ளன. இயற்பியல் மாணவர்கள் ஆசிரியர் துணையுடன் அவற்றை வரிவரியாகப் படித்துப் பார்க்கலாம்.