கலந்த பின் செறிவு என்ன? எந்த வழியில் கணக்கிடுவது?

கரைசலில் தண்ணீர் ஊற்றினால் கொள்ளளவு கூடும், செறிவு குறையும். உள்ளே கரைந்திருக்கும் பொருளின் அளவு மட்டும் மாறாது. நீர்த்தல், கலத்தல் கணக்குகள் எல்லாம் இந்த ஓர் உண்மையின் மேல் நிற்பவை. மலேசியாவில் படிவம் 4 வேதியியலில், அமிலம், காரம், உப்பு பாடத்தில் இவை வருகின்றன. விடை காண நீர்த்தல் சூத்திரம், மோல் வரவு, விகிதம், குறுக்குக் கட்டம் என்று வழிகள் உண்டு. எது எங்கே பொருந்தும் என்பதைப் பார்க்காமல், எது சுருக்கமாக இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்வதில்தான் தவறு தொடங்குகிறது.

தாப்பாவிலிருந்து மேலேறினால் கேமரன் மலையில் முதலில் வரும் ஊர் ரிங்லெட். அங்கே தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு முடித்துவிட்டு இடைநிலைப்பள்ளியில் வேதியியலை மலாயில் படிக்கிறார்கள். எஸ்.பி.எம். தேர்வு நெருங்கும்போது, அடுத்த வீட்டுப் பிள்ளை டியூசனில் ‘எம் ஒன் வி ஒன்’ போட்டு ஒரே வரியில் விடை எடுப்பதாகக் கேள்விப்பட்ட பெற்றோர், தங்கள் பிள்ளையும் அதையே மனப்பாடம் செய்ய வேண்டும் என்று நிற்பார்கள். இந்தப் பாடத்தில் தகுதிக்கு மேல் புகழ் பெற்றது அந்த நீர்த்தல் சூத்திரம்தான்.

முதல் செறிவு × முதல் கொள்ளளவு = இறுதிச் செறிவு × இறுதிக் கொள்ளளவு. ஒரே கரைசல், அதில் வெறும் தண்ணீர் என்றால் இதில் குறையில்லை. லிட்டருக்கு 2 மோல் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலிருந்து 0.1 மோல் செறிவில் 250 மில்லி வேண்டுமா? 12.5 மில்லி எடுத்து, 250 மில்லி கோடு வரை தண்ணீர் விட்டால் முடிந்தது.

இரண்டு கரைசல்கள் கலக்கும்போதுதான் சூத்திரம் கைவிடுகிறது. 0.5 மோல் செறிவுள்ள அமிலம் 200 மில்லி, அதே அமிலம் 0.2 மோல் செறிவில் 300 மில்லி. சூத்திரத்தைப் போடும் மாணவர் 0.5 × 200 ÷ 500 = 0.2 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். கெட்டியான அமிலத்தை ஊற்றிய பிறகும் கலவை, நீர்த்த கரைசலின் அதே 0.2இல் நிற்குமா என்று ஒரு கணம் யோசித்தால் பிழை தெரிந்துவிடும். இரண்டாவது கரைசலில் இருந்த அமிலத்தை அவர் தண்ணீராகவே நினைத்துவிட்டார். வேறு சிலர் 0.5ஐயும் 0.2ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 0.35 என்கிறார்கள். சரியான விடை 0.32.

அடுத்த குழி மொழியில் இருக்கிறது. 100 மில்லி தண்ணீர் ‘சேர்த்து’ என்பதும், 100 மில்லி ‘ஆகும் வரை’ என்பதும் வேறு வேறு. மலாய் வினாத்தாளில் ‘செஹிங்கா’ (வரை) என்ற சொல் வந்தால், அதையடுத்து வரும் எண் இறுதிக் கொள்ளளவு. சூத்திரத்தில் எண்களை இட்டு நிரப்பும் அவசரத்தில் இந்தச் சொல் கண்ணில் படுவதேயில்லை.

இன்னொன்று வினை நடக்கும் இடம். லிட்டருக்கு 0.1 மோல் உள்ள சல்பூரிக் அமிலம் 25 மில்லியை நடுநிலையாக்க, அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு 50 மில்லி வேண்டும். ஒரு மோல் அமிலம் இரண்டு மோல் காரத்தைக் கேட்கும். நீர்த்தல் சூத்திரமோ 25 மில்லி என்று கூசாமல் சொல்லும்.

இந்த மூன்று இடங்களிலும் தடுமாறாத வழி மோல் வரவு. ஒவ்வொரு கரைசலிலும் உள்ள மோலைத் தனித்தனியே கண்டு கூட்ட வேண்டும். வினை இருந்தால் செலவானதைக் கழிக்க வேண்டும். மொத்தக் கொள்ளளவால் வகுக்க வேண்டும். மேலே சொன்ன கலவையில் 0.1 மோலும் 0.06 மோலும் சேர்ந்து 0.16, அதை அரை லிட்டரால் வகுத்தால் 0.32. மூன்று வரி கூடுதலாக எழுத வேண்டும், அவ்வளவுதான்.

காய்கறித் தோட்டத்தில் மருந்தடிக்கும் அப்பா இந்தக் கணக்கைப் பெயர் தெரியாமலே போடுகிறார். லிட்டருக்கு 1 மில்லி மருந்து என்று போத்தலில் எழுதியிருக்கிறது. முதுகில் மாட்டும் பம்பு 16 லிட்டர். அதில் நேற்றைய கலவை 6 லிட்டர் மிச்சம். அவர் 10 மில்லி மட்டும் ஊற்றித் தண்ணீரால் நிரப்புகிறார். புதிதாகக் கலப்பதுபோல் 16 மில்லி ஊற்றியிருந்தால் பம்புக்குள் 22 மில்லி இருக்கும். செறிவு லிட்டருக்கு 1.375 மில்லி. பழையதில் எவ்வளவு, புதியதில் எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று கேட்பதுதான் மோல் வரவும். மகனுக்கு டியூசன் தேடும் அதே அப்பாதான் இதை வயலில் செய்துகொண்டிருக்கிறார்.

தக்காளிக் கொட்டகையில் ஏ, பி என்று இரண்டு உரக் கரைசல்கள் தனித்தனித் தொட்டியில் இருப்பதற்கும் செலவானதைக் கழிக்கும் அந்தப் படியில்தான் விளக்கம். ஏ-யில் கால்சியம் நைட்ரேட். பி-யில் சல்பேட்டும் பாஸ்பேட்டும். கெட்டியாக இருக்கும்போதே இரண்டையும் கலந்தால் கால்சியம் வெள்ளை வீழ்படிவாக அடியில் தங்கிவிடும். அதன் பிறகு கொள்ளளவை மட்டும் வைத்துச் செறிவு சொல்வது வீண்.

மீதமுள்ள வழிகளில் விகிதம் வீட்டு வேலைக்குப் போதும். ஆனால் 1:10 என்பதைச் சிலர் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் என்றும், சிலர் மொத்தம் பத்துப் பங்கு என்றும் எடுத்துக்கொள்வதால் கேட்டுத் தெளிவது நல்லது. செறிவுகளின் வித்தியாசங்களைக் குறுக்காக எழுதிப் பார்க்கும் குறுக்குக் கட்டம் விகிதத்தை வேகமாகத் தரும். 95 சதவீத ஆல்கஹாலை 70 சதவீதமாக்க 70 பங்கு ஆல்கஹால், 25 பங்கு தண்ணீர் என்று அது காட்டும். கலக்கும்போது கொள்ளளவு சுருங்குவதால், 70 மில்லி எடுத்து 95 மில்லி வரை நிரப்புவதே சரி. 50 மில்லி தூய ஆல்கஹாலும் 50 மில்லி தண்ணீரும் சேர்ந்தால் 100 வராது, 97க்குச் சற்றுக் குறையும்.

வேதியியல் வராது என்று ஒதுக்கப்படும் பிள்ளைகளில் சிலரைத் தடுத்தது மில்லியை லிட்டராக்க 1000ஆல் வகுக்க மறந்ததாகவும் இருக்கலாம். திறமை இல்லை என்று முடிவு கட்டுமுன் ஒரு பருவமாவது பொறுமையாக மோல் வரவை எழுதவைக்க வேண்டும். அது கைக்கு வந்த மாணவர் சூத்திரத்தைத் தாமே இரண்டு வரியில் வருவித்துக்கொள்வார்.

பழக ஒரு கணக்கு: லிட்டருக்கு 1 மோல் உள்ள உப்புக் கரைசல் 100 மில்லி, 0.4 மோல் உள்ளது 150 மில்லி, இரண்டையும் கலந்து 400 மில்லி ஆகும் வரை தண்ணீர். விடை 0.4. அது 0.25 என்று வந்தால், 150 மில்லியில் இருந்த உப்பு கணக்கில் ஏறவில்லை.