விற்பதும் விலைபோவதும்

மேலைநாட்டு இசையில் ஈடுபாடுள்ள நம் இளைஞர்கள், ஓர் இசைக்குழுவின் மேல் மனக்கசப்பு வந்தால், "அவர்கள் விலைபோய்விட்டார்கள்" என்கிறார்கள். இச்சொல்லின் பொருளைச் சற்று ஆராய்வோம்.

தமிழில் 'விற்றான்' வேறு, 'விலைபோனான்' வேறு. முன்னதில் பொருள் கைமாறுகிறது. பின்னதில் ஆளே கைமாறுகிறான். நெசவாளி புடவை விற்பதை யாரும் குறை சொல்வதில்லை. சாட்சி சொல்ல வந்தவன் காசு வாங்கிக்கொண்டு பேச்சை மாற்றினால்தான் விலைபோனான் என்கிறோம். இந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டு ஓர் உண்மை நிகழ்ச்சியைப் பார்ப்போம்.

1965-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 'தி டோர்ஸ்' என்னும் ராக் இசைக்குழு தோன்றியது. ஜிம் மாரிசன் பாடகர். ரே மன்சாரெக் கீபோர்டு, ராபி கிரீகர் கிட்டார், ஜான் டென்ஸ்மோர் டிரம்ஸ். வருமானத்தை நால்வரும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டனர். 1967-இல் இவர்களின் 'லைட் மை ஃபயர்' அமெரிக்கப் பாட்டு வரிசையில் முதலிடம் பெற்றது. இசைத்தட்டு விற்றார்கள், டிக்கெட் விற்றார்கள். இது நெசவாளியின் விற்பனை.

1968-இல் ப்யூயிக் கார் விளம்பரத்துக்கு அப்பாட்டைக் கேட்டார்கள். மாரிசன் ஊரில் இல்லாத நேரத்தில் மற்ற மூவரும் இசைந்துவிட்டனர். திரும்பிவந்த மாரிசன் கொதித்தெழுந்தார். மேடையிலேயே ஒரு ப்யூயிக் காரை உடைப்பேன் என்று மிரட்டினார், விளம்பரம் கைவிடப்பட்டது. வியப்பு என்னவென்றால், அப்பாட்டைப் பெரும்பாலும் எழுதியவர் கிரீகர்! பெரும்பாலும் தாம் எழுதாத பாட்டுக்காகவே மாரிசன் சண்டையிட்டார். நால்வர் பெயரில் வெளிவந்த பாட்டு நால்வரின் வாக்கு என்று அவர் கருதியதாகவே நான் கொள்கிறேன்.

மாரிசன் 1971-இல் காலமானார். 2000-க்குப் பின் காடிலாக் கார் விளம்பரத்துக்கு மற்றொரு பாட்டைக் கேட்டு, ஒன்றரைக் கோடி டாலர் வரை தர முன்வந்தார்கள். டென்ஸ்மோர் ஒருவர் மறுத்தார். மற்ற இருவரும் குழுவின் பெயரோடு வேறு சிலரைச் சேர்த்துக்கொண்டு கச்சேரி செய்தபோது 2003-இல் வழக்குத் தொடுத்தார். அவர்கள் 4 கோடி டாலர் கேட்டு எதிர்வழக்காடினர். விளம்பரத்தை மறுத்ததும் அவர்மீது சொல்லப்பட்ட குற்றங்களில் ஒன்று! 2005-இல் தீர்ப்பு டென்ஸ்மோருக்குச் சாதகமாக வந்தது. ஆனால் பெரும் பணத்தோடு, இளமைக்கால நண்பர் இருவரின் உறவையும் அவர் பணயம் வைக்க வேண்டியிருந்தது.

எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு. விளம்பரத்தின் வழியாகப் பழைய பாட்டு புதிய தலைமுறையின் காதில் விழும். இசைக்கலைஞருக்கும் முதுமை உண்டு, குடும்பம் உண்டு. இதை எளிதில் தள்ளிவிட முடியாது.

பாணியை மாற்றுவது விலைபோவதாகுமா? 1965-இல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாப் டிலன் மின்கிட்டாரோடு பாடியபோது ஒரு சாரார் கூச்சலிட்டனர். ஆனால் அந்த மாற்றத்தை அவரிடமிருந்து விலைகொடுத்து வாங்கியவர் எவருமில்லை. எனவே அதை வளர்ச்சி என்றே சொல்வேன்.

பணம் வந்ததா என்பதைக்கொண்டு மட்டும் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. பணம் வந்தபின் அப்பாட்டு யாருக்காகப் பேசுகிறது, கூட இருந்தவர்களின் சம்மதம் கேட்கப்பட்டதா என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். இளைஞர்கள் இனி அந்த வசையைச் சொல்லுமுன் இவ்விரு கேள்விகளையும் கேட்டுப் பார்க்கட்டும்.