டிக்கெட் போட்ட கையோடு வண்டியும் பேசிவிடு

தங்கச்சி, பிள்ளைக்குத் திருச்செந்தூரில் முடியிறக்கிக் காது குத்தப் போகிறோம், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு விமான டிக்கெட் போட்டாச்சு என்று நீ போனில் சொன்னதும் மனசு நிறைந்துவிட்டது. இறங்கி எதில் போவாய் என்று கேட்டேன். "அங்கே போய்ப் பார்த்துக்கலாம் அக்கா" என்றாய். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சென்னையில் அப்படி இருக்கலாம். வெளியே வந்தால் மெட்ரோ, எதிரே திரிசூலம் ரயில் நிலையம், பஸ், டாக்ஸி எல்லாம் உண்டு. தூத்துக்குடி விமான நிலையமோ ஊரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி, திருநெல்வேலி சாலையில் வாகைக்குளத்தில் இருக்கிறது. 2025 ஜூலையில் பெரிய புது டெர்மினல் திறந்தார்கள். ஆனாலும் ஆப்பைத் தட்டியதும் வண்டி வந்துவிடும் என்று நம்பி இறங்கக் கூடாது.

அம்மாவுக்குச் சென்னையில் கண் ஆபரேஷன் முடிந்து கூட்டி வந்தபோது நானும் வண்டி பேசாமல்தான் வந்தேன். விமானத்தில் கூட வந்தவர்களை அவரவர் வீட்டு ஆட்கள் வந்து அழைத்துப் போய்விட்டார்கள். கால் மணி நேரத்தில் வாசலே காலியாகிவிட்டது. கட்டுப் பிரித்த கண்ணில் தூசி படாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தது இன்னும் என் மனசை விட்டுப் போகவில்லை. உன் கையில் பச்சைப்பிள்ளை இருக்கிறது. அதனால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எல்லாருக்கும் வாகைக்குளம் வசதியா?
திருநெல்வேலிக்காரர்களுக்கு இது சுமார் 35 கிலோமீட்டர்தான். ஆனால் உன் நாத்தனார் நாகர்கோவில் போக வேண்டியவள். அவளுக்குத் திருவனந்தபுரம் விமான நிலையம்தான் பக்கம். கோவில்பட்டி ஆட்கள் மதுரையையும் சேர்த்துப் பார்க்கட்டும். டிக்கெட் விலையை மட்டும் பார்க்காமல், கார் வாடகையையும் கூட்டிப் பார்த்து முடிவு செய்யச் சொல்.

வண்டி பேசும்போது இதையெல்லாம் கேள்
• ஒரு பக்கம் மட்டும் போனாலும், காலியாகத் திரும்பும் தூரத்தையும் பல டிராவல்ஸ்காரர்கள் கணக்கில் சேர்ப்பார்கள். போக வரக் கணக்கா, ஒரு வழிக் கட்டணமா?
• டிரைவர் பேட்டா, டோல்கேட், பார்க்கிங் எல்லாம் உள்ளடங்கியதா? வெயிட்டிங் கட்டணம் எத்தனை மணி நேரத்துக்கு மேல்?
• திருச்செந்தூருக்குத் தூத்துக்குடி, ஆறுமுகநேரி வழியாகவும் போகலாம், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வழியாகவும் போகலாம். எந்த வழி, எத்தனை கிலோமீட்டர்?
• மஞ்சள் போர்டு வண்டிதானா?
பேசிய தொகையை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள். முந்தின நாள் இரவு ஒருமுறை போன் போடு. அவர் வராவிட்டால் கூப்பிட இன்னொரு டிரைவர் நம்பரும் உன்னிடம் இருக்கட்டும்.

டிரைவரிடம் விமான எண்ணைக் கொடு
"மத்தியானம் வருவோம்" என்று சொன்னால் போதாது. விமான எண்ணும் இறங்கும் நேரமும் அவரிடம் இருந்தால், தாமதமானாலும் பார்த்துக்கொண்டு வருவார். சென்னையில் போனை அணைக்கும் முன் "ஏறிவிட்டோம்" என்று ஒரு வரி அனுப்பு. வண்டியில் ஏறியதும் வண்டி எண்ணைப் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பு, லொகேஷனையும் பகிர்ந்துவிடு. தனியாக வரும் பெண்கள் இதை விடவே கூடாது.

பஸ் யாருக்குச் சரிவரும்?
கையில் ஒரே பையோடு தனியாக வருபவர்களுக்குப் பஸ் நல்லது. நெல்லையிலிருந்து தூத்துக்குடி பஸ் ஏறி வாகைக்குளத்தில் இறங்கலாம். ஜங்ஷன் வரை போக வேண்டாம் என்றால் கே.டி.சி. நகரில் ஏறலாம். இடையில் நிற்காத பஸ்ஸும் ஓடும், அதனால் ஏறும் முன்பே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மெயின் ரோட்டில் இறங்கிப் பெட்டியோடு உள்ளே போக வேண்டும். பிள்ளையும் மாமியாரும் கூட இருக்கும்போது உனக்கு அது வேண்டாம்.

திரும்பும் நாளில் பின்னாலிருந்து கணக்குப் போடு
விமானம் மத்தியானம் 2 மணிக்கு என்று வை. கவுன்ட்டரை 60 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள், அது 1 மணி. பிள்ளையோடு போவதால் 12:15-க்கு அங்கே இருக்க வேண்டும். திருச்செந்தூரிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் என்று எடுத்துக்கொள், 11 மணி. பால் கொடுக்க, துணி மாற்ற, வழியில் நிற்க முக்கால் மணி நேரம் கூட்டு. ஆக, 10:15-க்குப் புறப்பட வேண்டும். தரிசனத்தை முந்தின நாளே முடித்துவிடு. வரிசை எப்போது நகரும் என்று யாரும் சொல்ல முடியாது.

திருவிழாவும் மழையும்
கந்தசஷ்டி, தைப்பூசம், வைகாசி விசாகம் என்றால் திருச்செந்தூர்ச் சாலை முழுக்கப் பாதயாத்திரை பக்தர்கள்தான். சூரசம்ஹாரத்தன்று வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை தூத்துக்குடியில் பனிமய மாதா திருவிழா. நெல்லையிலிருந்து வருகிறவர்கள் வல்லநாடு பாலத்தில் வேலை நடக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். நடந்தால் ஒரு பக்கம் மட்டும் வண்டி விடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் மழையைப் பார்த்துக் கிளம்பு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் சாலையும் ரயிலும் துண்டிக்கப்பட்டதை மறக்காதே.

விமானமே வராவிட்டால்?
வானிலை சரியில்லை என்றால் விமானத்தை மதுரைக்குத் திருப்பிவிடுவதும் உண்டு. மதுரையிலிருந்து தூத்துக்குடி சுமார் 140 கிலோமீட்டர். விமான நிறுவனம் பஸ் ஏற்பாடு செய்கிறதா என்று முதலில் கேள், உன் டிரைவருக்கும் உடனே சொல். ஊர் திரும்பும்போது ரத்தானால் திருச்செந்தூரிலிருந்தே செந்தூர் எக்ஸ்பிரஸ், தூத்துக்குடியிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸ், நெல்லையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸ் சென்னைக்கு உண்டு.

பிள்ளையின் பால் புட்டி, மாற்றுத் துணி, மாமியாரின் மாத்திரை மூன்றையும் பெட்டியில் போடாமல் கைப்பையில் வை. இன்றைக்கே இரண்டு டிரைவர்களிடம் பேசு. வண்டி முடிவானதும் அந்த நம்பரை எனக்கும் அனுப்பு. அன்றைக்குக் காலையில் நானும் அவருக்கு ஒரு போன் போடுகிறேன்.