நாய்க்குட்டியைப் பழக்குதல்

ஆடு, மாடு, குதிரை முதலிய விலங்குகளை மனிதன் தன் வாழ்க்கையோடு இணைத்துக்கொள்வதற்கு நெடுங்காலம் முன்னரே, நாய் அவனுடன் வாழத் தொடங்கிவிட்டது. உழவுத் தொழிலை அறியாது வேட்டையாடித் திரிந்த மக்களுக்கும் நாய் துணையாக இருந்தது. 1914-ஆம் ஆண்டில், ஜெர்மனி நாட்டில் பான் நகரை அடுத்த ஓபர்காசல் என்னும் இடத்தில், ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்று கண்டறியப்பட்டது. அதில் ஓர் ஆடவன், ஒரு பெண் ஆகிய இருவரின் எலும்புகளோடு, ஒரு நாய்க்குட்டியின் எலும்புகளும் இருந்தன. அதன் பற்களை அண்மைக் காலத்தில் ஆராய்ந்த அறிஞர்கள், அக்குட்டி ஏழு மாத அளவில் இறந்திருக்க வேண்டும் என்றும், அதற்கு முன்னர்க் கொடிய நோயால் பல வாரங்கள் வருந்தியிருக்க வேண்டும் என்றும் கூறுகின்றனர். வேட்டைக்கும் காவலுக்கும் பயன்படாத அந்நோயுற்ற குட்டியை யாரோ அருகிலிருந்து பேணியிராவிடில், அஃது அத்தனை நாள் உயிர் வாழ்ந்திருத்தல் அரிது. மனிதனுக்கும் நாய்க்கும் உள்ள நட்பு அத்துணைப் பழைமையானது. நம் நாட்டிலும் இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என ஊர்களின் பெயர்களே நாயினங்களின் பெயர்களாக வழங்குவதை நாம் அறிவோம்.

நட்பு பழைமையானதாயினும், எந்தக் குட்டியும் மனிதரின் மொழியை அறிந்து பிறப்பதில்லை. எங்கே படுக்க வேண்டும், எதைக் கடிக்கலாகாது, அழைத்தால் வர வேண்டும் என்பவற்றையெல்லாம் அதற்கு ஒருவர் கற்பித்தாக வேண்டும். எவ்வாறு கற்பிப்பது என்பதே வினா. அடித்துத் திருத்துவதே எளிய வழி எனப் பலர் கருதுகின்றனர். அக்கருத்து சரியானதா என்பதை அறிய, பின்வரும் நிகழ்ச்சியை எண்ணிப் பார்ப்போம்.

ஒரு சிறுவன் மூன்று மாதக் குட்டி ஒன்றை வளர்க்கிறான். ஒரு நாள் மாலை, வாயிற்கதவு திறந்திருப்பதைக் கண்ட குட்டி தெருவிற்கு ஓடிவிடுகிறது. பேருந்துகளும் பாரவண்டிகளும் இடையறாது செல்லும் தெரு அது. சிறுவன் நெஞ்சம் பதைபதைக்க அதன் பெயரைச் சொல்லிக் கூவி அழைக்கிறான். குட்டி சிறிது நேரம் அங்குமிங்கும் அலைந்த பின்னர், வாலை ஆட்டிக்கொண்டு அவனிடம் திரும்பி வருகிறது. அச்சமும் சினமும் மேலிட்ட சிறுவன், ‘இனிமேல் ஓடுவாயா?’ என்று கேட்டுக்கொண்டே குச்சியால் இரண்டு அடி கொடுக்கிறான். மறுநாளும் கதவு திறந்திருக்கிறது; குட்டி மீண்டும் ஓடுகிறது. சிறுவன் முன்போலவே அழைக்கிறான். ஆனால் குட்டியோ, அவனை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, வாலைக் கால்களுக்கு இடையே ஒடுக்கிக்கொண்டு மேலும் விலகி ஓடுகிறது. ‘பிடிவாதம் பிடித்த குட்டி’ என்று வீட்டார் கூறுகின்றனர்.

உண்மையில் குட்டிக்குப் பிடிவாதமும் இல்லை, செருக்கும் இல்லை. தனக்குக் கற்பிக்கப்பட்டதை அது நன்றாகவே கற்றுக்கொண்டது. ஓடியதற்காக அடித்ததாகச் சிறுவன் எண்ணினான். ஆனால் அடி விழுந்தது, குட்டி திரும்பி வந்த பின்னரே ஆகும். ‘அழைக்கும்போது அருகில் சென்றால் அடி விழும்’ என்பதே குட்டி பெற்ற பாடம்.

விலங்குகள் எவ்வாறு கற்கின்றன என்பதனை அறிவியலறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். ருஷ்ய நாட்டு அறிஞர் பாவ்லோவ், உணவு செரிக்கும் முறையை நாய்களைக்கொண்டு ஆராய்ந்து, அதற்காக 1904-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றவர். உணவை வாயில் இடுவதற்கு முன்னரே, அதைக் கொண்டுவரும் பணியாளரைக் கண்ட அளவிலேயே நாய்களின் வாயில் உமிழ்நீர் சுரப்பதை அவர் கண்டார். உணவோடு தொடர்ந்து வரும் ஒலியோ காட்சியோ, நாளடைவில் உணவின் அறிகுறியாகவே ஆகிவிடுகிறது என்பதை அவருடைய ஆய்வுகள் புலப்படுத்தின.

அமெரிக்க அறிஞர் தார்ண்டைக், பசித்திருக்கும் பூனையை ஒரு கூண்டில் அடைத்து, வெளியே உணவை வைத்தார். கூண்டினுள் இருந்த கயிற்று வளையத்தை இழுத்தால் கதவு திறக்கும். பூனை பலவாறு பிறாண்டியும் கடித்தும் பார்த்து, தற்செயலாக வளையத்தை இழுத்து வெளியேறிற்று. மீண்டும் மீண்டும் அடைத்தபோது, அது வெளியேறுவதற்கு எடுத்துக்கொண்ட நேரம் படிப்படியாகக் குறைந்தது. 1898-ஆம் ஆண்டில் வெளியான இவ்வாய்வின் பயனாக, ‘நற்பயன் தரும் செயல் மீண்டும் நிகழும்’ என்னும் உண்மை தெளிவாயிற்று. பின்னர் வந்த ஸ்கின்னர் என்னும் அமெரிக்க அறிஞர், இவ்வுண்மையை மேலும் விரிவாக ஆராய்ந்தார். பரிசு எதுவாயினும், அது செயல் நிகழ்ந்த அக்கணத்தோடு இணைந்து வரவேண்டும் என்பதனை அவர் வற்புறுத்தினார். அழுத்தினால் ‘கிளிக்’ என்று ஒலிக்கும் சிறு விளையாட்டுப் பொருளைக்கொண்டு நாய்க்கு அக்கணத்தை உணர்த்தலாம் என 1951-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒன்றில் அவர் எடுத்துக்காட்டினார். அக்கருவி இல்லாதவர் ‘நன்று’ என்ற ஒரு சொல்லை எப்போதும் ஒரே குரலில் சொல்லி, உடனே உணவுத் துண்டு ஒன்றைக் கொடுத்துவரின், அச்சொல்லே அப்பயனைத் தரும்.

குட்டியைப் பழக்குவதற்கு ஏற்ற பருவம் இளமைப் பருவமே ஆகும். அமெரிக்க அறிஞர்களான ஸ்காட், ஃபுல்லர் ஆகிய இருவரும் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1965-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், ஏறத்தாழ மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலத்தில்தான் குட்டி பிறரோடு பழகும் இயல்பைப் பெறுகிறது எனக் காட்டினர். ஆயினும், எட்டு வாரம் நிறைவதற்கு முன்னர்க் குட்டியைத் தாயினிடமிருந்து பிரித்தல் தகாது. அதன் பின்னர்ப் புதிய மனிதர், புதிய ஒலி, மிதிவண்டி மணி, மழை, குடை ஆகியவற்றை அச்சமின்றி மெல்ல மெல்ல அதற்கு அறிமுகப்படுத்த வேண்டும். தடுப்பூசிகள் முற்றும் போடப்படும் வரையில், தெருநாய்கள் திரியும் இடங்களில் அதனைத் தரையில் விடாது கையில் ஏந்திச் செல்லுதல் நலம். வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசியை மூன்று மாத அளவில், கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி தவறாது போடுதல் வேண்டும்.

பயிற்சிக்கு வேண்டிய பொருள்கள் மிகச் சில. வேகவைத்த கோழி இறைச்சி, முட்டை, காரட் முதலியவற்றில் ஏதேனும் ஒன்றைக் கொண்டைக்கடலை அளவுள்ள துண்டுகளாக நறுக்கி வைத்துக்கொண்டால் போதும். வெங்காயம், திராட்சை, சாக்கலேட் ஆகியவை நாய்க்கு நஞ்சாகும். ஆதலின் அவற்றைக் கொடுக்கலாகாது. குட்டி பசியோடிருக்கும் நேரத்தில், ஆரவாரமற்ற ஓரிடத்தில், ஐந்து நிமிட அளவே ஒரு பாடம் அமையலாம். நாளொன்றுக்கு இத்தகைய பாடங்கள் மூன்று போதும். நெடுநேரம் கற்பித்தால் குட்டி களைத்துவிடும்.

முதற்பாடம் பெயரை அறிதல். குட்டியின் பெயரை ஒரு முறை சொல்லி, அது திரும்பிப் பார்த்தவுடனே ‘நன்று’ எனக் கூறிப் பரிசளிக்க வேண்டும். இரண்டாம் பாடம் உட்காருதல். உணவுத் துண்டைக் குட்டியின் மூக்கருகே காட்டி, அதனை மெல்லத் தலைக்கு மேலாகப் பின்னோக்கிக் கொண்டு சென்றால், மூக்கு மேலே உயர உயர அதன் பின்பகுதி தானே கீழே தாழும். அது தரையைத் தொட்ட அக்கணமே ‘நன்று’ எனச் சொல்லித் துண்டைக் கொடுத்தல் வேண்டும். முதுகை அழுத்தி உட்கார வைத்தல் கூடாது. சில முறை இவ்வாறு செய்த பின்னர், ‘உட்கார்’ என்னும் சொல்லை முன்னதாகச் சொல்லலாம். வீட்டில் ஒருவர் ‘உட்கார்’ என்றும், மற்றொருவர் ‘குந்து’ என்றும், வேறொருவர் ‘சிட்’ என்றும் கூறினால் குட்டி எதைக் கற்கும்? ஆதலின், வீட்டார் அனைவரும் ஒரே சொல்லையே வழங்க வேண்டும்.

‘இரு’ என்னும் பாடத்தில் பொறுமை மிகுதியும் வேண்டும். முதலில் ஒரு நொடி இருந்தால் பரிசு. பின்னர் இரண்டு நொடி. பின்னர் ஐந்து நொடி. காலத்தை நீட்டும்போது தொலைவைக் கூட்டலாகாது; தொலைவைக் கூட்டும்போது காலத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். குட்டி தவறினால், பாடம் கடினமாகிவிட்டது என்று உணர்ந்து, ஆசிரியரே ஒரு படி இறங்கி வரவேண்டும்.

எல்லாப் பாடங்களிலும் தலையாயது ‘வா’ என்பது. அஃது ஒரு நாள் குட்டியின் உயிரையே காக்கக்கூடும். முதலில் வீட்டினுள் இருவர் சில அடித் தொலைவில் எதிரெதிரே அமர்ந்து, மாறி மாறி அழைத்துப் பரிசளிக்க வேண்டும். பின்னர் முற்றத்திலும், அதன் பின்னர் நீண்ட கயிற்றில் பிணைத்துத் திறந்த வெளியிலும் அழைத்துப் பழக்கலாம். எத்துணைக் காலந்தாழ்த்து வந்தாலும், வந்த குட்டியை அடித்தலும் வைதலும் கூடா. குளிப்பாட்டுவதற்கும் மருந்து புகட்டுவதற்கும் ‘வா’ என்று அழைக்காமல், நாமே சென்று எடுத்து வருதல் நலம். அச்சொல்லுக்குப் பின்னே இனியது மட்டுமே வரும் எனக் குட்டி நம்ப வேண்டும்.

குட்டி வீட்டினுள் சிறுநீர் கழிப்பது பலருக்கும் தொல்லை தருவதாகும். உறங்கி எழுந்ததும், உண்டு முடித்ததும், விளையாடி ஓய்ந்ததும் அதனை வெளியே ஒரே இடத்திற்கு அழைத்துச் சென்று, அங்குக் கழித்தவுடன் அங்கேயே பரிசளித்துவந்தால் அது விரைவில் பழகிவிடும். வீட்டினுள் கழித்துவிட்டால், மூக்கைத் தரையில் தேய்ப்பதால் பயனில்லை. துடைத்துவிட்டு, அடுத்த முறை முன்னதாகவே அழைத்துச் செல்ல வேண்டும். வைதவுடன் குட்டி தலை கவிழ்ந்து நிற்பதைக் கண்டு, ‘தன் தவற்றை உணர்ந்துவிட்டது’ எனச் சிலர் கூறுவர். 2009-ஆம் ஆண்டில் ஹோரோவிட்ஸ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதனை ஆராய்ந்து பார்த்தார். தவறு செய்த நாயைவிட, தவறு செய்யாமலே வையப்பட்ட நாயும் குறைவின்றி அவ்வாறே நின்றது. எனவே, அது தவற்றை உணர்ந்த தோற்றமன்று. வைதவரின் குரலுக்கும் முகத்துக்கும் காட்டும் எதிர்விளைவே ஆகும்.

தீய பழக்கங்களும் பரிசினாலேயே வளர்கின்றன என்பதை மறத்தலாகாது. மேலே தாவும் குட்டியை, அது சிறிதாயிருக்கும்போது அனைவரும் சிரித்துக் கொஞ்சுகின்றனர். அது பெரிதாகித் தாவும்போது அடிக்கின்றனர். உண்ணும்போது குரைத்தால் ஒரு துண்டை எறிந்து வாயடைக்கின்றனர்; குரைத்தால் உணவு கிடைக்கும் என அது கற்றுக்கொள்கிறது. தாவினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நான்கு கால்களும் தரையில் ஊன்றியபோது மட்டும் தடவிக் கொடுத்தால் தாவுதல் தானே நின்றுவிடும். விளையாட்டில் கையைக் கடித்தால், சற்று நேரம் விளையாட்டை நிறுத்திவிட்டு, கடிப்பதற்கு உரிய பொருளைக் கொடுக்க வேண்டும்.

‘எந்நாளும் உணவு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமா?’ என்று சிலர் வினவலாம். வேண்டுவதில்லை. பாடம் நன்கு படிந்த பின்னர், இரண்டு முறைக்கு ஒன்று, நான்கு முறைக்கு ஒன்று எனப் பரிசைக் குறைத்து வரலாம். தடவிக் கொடுத்தலும், பந்தை எறிதலும், உலாவ அழைத்துச் செல்லுதலும் உணவுக்கு ஈடான பரிசுகளே. ஆயினும், பாராட்டுச் சொல்லை மட்டும் எந்நாளும் குறைக்க வேண்டுவதில்லை.

முன்னர்க் கூறிய சிறுவன் இவற்றையெல்லாம் அறிந்து, குச்சியை எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறான் எனக் கொள்வோம். முதற்கண் குட்டி அவனருகே வரவும் தயங்கும். அச்சம் ஒரு நாளில் புகுந்துவிடும். அது நீங்குவதற்கோ பல நாள் வேண்டும். பழைய அழைப்பை விடுத்து, அடியோடு தொடர்பில்லாத புதிய சொல் ஒன்றை அவன் தேர்ந்துகொள்கிறான். வாயிற்கதவைத் தாழிடும் பழக்கத்தையும் மேற்கொள்கிறான். நாள்தோறும் கூடத்திலும் முற்றத்திலும் அழைத்துப் பரிசளிக்கிறான். சில வாரங்கள் கழிந்த பின்னர் ஒரு நாள், விருந்தினர் வரும்போது கதவு திறக்க, குட்டி மீண்டும் தெருவிற்கு ஓடுகிறது. சிறுவன் கத்தவில்லை, துரத்தவுமில்லை. மகிழ்ந்த குரலில் ஒரு முறை அழைக்கிறான். குட்டி நின்று திரும்புகிறது. அடுத்த நொடியில் அவனை நோக்கி ஓடி வருகிறது. அவன் நடுங்கும் கையால் அதன் கழுத்தைத் தடவி, ‘நன்று’ என்கிறான்.

குட்டியைப் பழக்க விரும்புவோர் முதலில் தம் சினத்தையும் அவசரத்தையும் அடக்கப் பழகுதல் வேண்டும். அடிக்கு அஞ்சும் நாய், அடிப்பவர் அருகில் இருக்கும்போது மட்டும் அடங்கியிருக்கும். அன்பினால் கற்ற நாயோ, தெருவின் மறுபுறத்திலிருந்தும் திரும்பி வரும்.

பயிற்சி வினாக்கள்

1. ஓபர்காசல் புதைகுழியிலிருந்து நாம் அறிந்துகொள்ளும் செய்தி யாது?
2. இரண்டாம் நாள் குட்டி விலகி ஓடியது ஏன்? அது பெற்ற பாடம் யாது?
3. பாவ்லோவ், தார்ண்டைக் ஆகியோரின் ஆய்வுகள் குட்டியைப் பழக்குவதற்கு எவ்வாறு உதவுகின்றன?
4. ‘தீய பழக்கங்களும் பரிசினாலேயே வளர்கின்றன.’ இக்கூற்றை உம் வீட்டிலோ தெருவிலோ கண்ட ஒரு நிகழ்ச்சியைக்கொண்டு விளக்குக.